பாஜே அருவியில் தென்காசிச் சாரல்

ஆனி பிறந்துவிட்டால் அம்மாவுக்கு இருப்புக் கொள்ளாது. தென்காசிக்காரி. "அங்க இப்ப சாரல் கட்டியிருக்கும்" என்று கட்கி குவார்ட்டர்ஸ் ஜன்னலில் நின்று சொல்லுவாள். எங்களுக்குப் பள்ளி லீவு மே மாதத்தில். நாங்கள் ஊருக்குப் போகும்போது குற்றாலம் வறண்டு கிடக்கும். கல்யாணமாகிப் புனே வந்த பிறகு அவள் சாரலையே பார்க்கவில்லை. 1980களில் ஒரு ஜூலை ஞாயிறு, அப்பா எங்களை லோனாவ்ளா லோக்கலில் ஏற்றினார்.

மளவ்லியில் இறங்கினால் பாஜே ஊர்வரை வயல்தான். நடவு நடந்துகொண்டிருந்தது. மூங்கிலும் இலையும் வைத்துப் பின்னிய இர்லாவைத் தலையிலிருந்து முதுகுவரை கவிழ்த்துக்கொண்டு, பெண்கள் குனிந்த தலை நிமிராமல் நாற்று நட்டார்கள். கொட்டுகிற மழையில் இரண்டு கையும் சேற்றில். அம்மா வரப்பிலேயே நின்றுவிட்டாள்.

அருவிக்கு முன்னால் அதன் இரைச்சல் வந்தது. கறுத்த எரிமலைப் பாறையில் தட்டுத்தட்டாக இறங்கும் தண்ணீர். அத்தனையும் மழை தந்தது. கோடையில் அங்கே பாறைதான் மிஞ்சும். கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று இந்த மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டிக் கொட்டிவிடுகிறது. லோனாவ்ளாவில் வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல். மலைக்குக் கிழக்கே புனேயில் 700 சொச்சம். "உங்க ஊர்ல சாரல் போடுறதும் இதே காத்துதான், இதே மலைதான்" என்றார் அப்பா.

"ஏட்டி, கைய விட்டுராத" என்று என்னை இறுக்கிப் பிடித்திருந்த அம்மா, தம்பியையும் என்னையும் அப்பாவிடம் தள்ளிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போய் நின்றாள். கைகளைத் தலைமேல் கோத்து, முதுகைத் தண்ணீருக்குக் கொடுத்தாள். அம்மா அப்படிக் கத்திச் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை. என் காலருகே பாறை இடுக்கில் சிவப்பு நண்டு ஒன்று கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. அப்பா கூப்பிடக் கூப்பிட அவள் வரவில்லை.

மழை வலுக்கவே மேலே குடைவரைக்கு ஓடினோம். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பௌத்தத் துறவிகளுக்காகக் குடைந்தவை, 22 குகைகள். பெரிய மண்டபத்தின் வளைந்த கூரையில் அந்தக் காலத்து மர வளைவுகள் இன்னும் இருக்கின்றன. நனைந்த தலையோடு அப்பா அவற்றையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே ஒரு வீட்டுத் திண்ணையில் புளிசாதத்தைப் பிரித்தோம். அந்த வீட்டுப் பெரியம்மா, மராத்தியில் மாவ்ஷி, சூடாக டீ தந்தார். அம்மா தேக்கிலையில் அவருக்கும் ஒரு கை வைத்து, நல்லெண்ணெய் எப்போது ஊற்றவேண்டும் என்பதைத் தெரிந்த மராத்தியில் சொல்லிக்கொண்டிருந்தாள். மாவ்ஷி பதில் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு, இலையை மறுபடி நீட்டினார்.