சுவருக்குள் ஓடும் கம்பி

திருச்சிராப்பள்ளிப் பாலக்கரையின் பழைய தெருக்களில், செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய கனத்த சுவர் வீடுகள் இன்னும் பல நிற்கின்றன. தெருவாசலில் தொடங்கிக் கொல்லைப்புறம் வரை நீண்டு செல்லும் கட்டு அவற்றுக்கு உண்டு. கோடை வெயிலைத் தடுப்பதற்கென்று முன்னோர் எழுப்பிய அச்சுவர்கள், வானலை வழியே வரும் இணையத்தையும் அதே உறுதியுடன் தடுத்துவிடுகின்றன. முன்னறையில் வைஃபை கருவி ஒளிர்ந்து கொண்டிருக்கும். பின்கட்டில் அமர்ந்து பயிலும் பிள்ளைக்கோ பாடம் பாதியில் நின்று போகும். ஆகவே, கம்பியின் காலம் முடிந்துவிட்டது என்று எண்ணுவோர் நம் வீடுகளுக்குள் வந்து பார்த்தல் நலம்.

கம்பியின் தேவை பிள்ளைகளின் படிப்போடு நிற்பதன்று. பொருள் தேடிக் கடல் கடந்த மக்கள், இங்கே தனித்து வாழும் பெற்றோரை எண்ணி வாசலிலும் கொல்லையிலும் காமிரா பொருத்துவது இன்று வழக்கமாகிவிட்டது. காமிராவின் விலையையும் பெயரையும் பத்துப் பேரிடம் விசாரிக்கும் நாம், அதனைத் தாங்கிச் செல்லும் கம்பியைப் பற்றி ஒருவரிடமும் கேட்பதில்லை.

என் தமக்கையார் அத்தகைய வீடொன்றில் தனியே வசிப்பவர். வளைகுடாவில் பணிபுரியும் அவருடைய மகன், விடுமுறையில் வந்தபோது நான்கு காமிராக்களைப் பொருத்தச் செய்து திரும்பினான். பகலெல்லாம் படம் தெளிவாகவே தெரிந்தது. இருட்டியதும் கொல்லைப்புறக் காமிரா மட்டும் அணைவதும் உயிர்ப்பதுமாக இருந்தது. “மாமா, ராத்திரியிலே பார்க்கத்தானே வச்சோம்; ராத்திரியிலேதான் தெரிய மாட்டேங்குது. அம்மா தனியா இருக்காங்க” என்று தொலைபேசியில் அவன் வருந்தினான். பொருத்தியவர்கள் இருமுறை காமிராவை மாற்றிப் பார்த்தும் பயன் விளையவில்லை.

பின்னர், எங்களுக்குப் பழக்கமான இளைஞர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் காமிராவைத் தொடவேயில்லை. கம்பியின் முனையைச் சிறிது வெட்டி, மேற்புறத்தைப் பிளேடால் சுரண்டினார். செம்பின் நிறம் நீங்கி உள்ளே வெண்மை தெரிந்தது. “பாய், இது அலுமினியம். மேலே மட்டும்தான் செம்பு” என்றார்.

சந்தையில் சி.சி.ஏ. என்னும் பெயரில் விற்கப்படும் கம்பி இதுவே. அலுமினியத்தின் மீது மெல்லிய செம்புப் போர்வை. எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால், அதே கனமுள்ள செம்புக் கம்பியைக் காட்டிலும் மின்தடை அதற்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கொல்லைப்புறக் காமிராவுக்கு 12 வோல்ட் மின்சாரத்தை அதே கம்பியின் உதிரி இழைகளில் 45 மீட்டர் தொலைவுக்கு அனுப்பியிருந்தார்கள். இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது காமிரா அரை ஆம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். நல்ல செம்பாயின் வழியில் ஏறத்தாழ 2 வோல்ட் குறையும். இக்கம்பியிலோ 3 வோல்ட் குறைந்து, முடிவில் 9 வோல்ட்டே எஞ்சும். மேல்நிலைத் தொட்டியில் நீர் நிறைந்திருந்தும், ஒடுங்கிய குழாயின் கடைசியில் சொட்டுச் சொட்டாக வடிவதைப் போன்றதே இது. பகலில் தேவை குறைவாதலின் குறை மறைந்திருந்தது. இரவு அதனை வெளிப்படுத்தியது.

சுவருக்குள் செல்வதற்கு முழுச் செம்புக் கம்பியே வேண்டும். மின்சாரத்தையும் தகவலையும் ஒரே கம்பியில் அனுப்பும் பி.ஓ.இ. முறையில் 48 வோல்ட் அளவில் மின்சாரம் செல்வதால், வழியில் ஏற்படும் இழப்பு அற்பமே. இம்முறைக்கு 2003-இல் வகுக்கப்பட்ட தரம் ஓர் இணைப்புக்கு 15.4 வாட் வரை அளிக்கும்; வீட்டுக் காமிராவுக்கு அது தாராளம். தமக்கையார் வீட்டிலும் கம்பியை மாற்றி, இம்முறையையே கைக்கொண்டோம். கொல்லைப்புறம் இரவிலும் தெளிந்தது.

அடுத்து, எந்த வகை என்ற கேள்வி. கேட்-5இ நொடிக்கு 1 கிகாபிட் வேகத்தை 100 மீட்டர் வரை கொண்டு செல்லும். கேட்-6 அவ்வேகத்தை அதே தொலைவுக்குத் தருவதோடு, 55 மீட்டருக்கு உட்பட்ட வழியில் 10 கிகாபிட்டையும் தாங்கவல்லது. காமிராவுக்கு முன்னதே போதும். சுவரை உடைத்துப் பதிப்பவர் பின்னதைப் பதித்தல் முறை. காமிராவைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். சுவரை அடிக்கடி உடைக்க இயலாது அன்றோ!

இக்கம்பியினுள் எட்டு இழைகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டிருக்கும். புறத்திலிருந்து வரும் மின் இரைச்சலை அம்முறுக்கே தணிக்கிறது. அலெக்சாந்தர் கிரகாம் பெல் 1881-இல் காப்புரிமை பெற்ற உத்தி அது. 1973-இல் இராபர்ட் மெட்காஃப் உருவம் கொடுத்த ஈதர்நெட், 1990-இல் அதே முறுக்குக் கம்பியில் ஓடத் தரம் வகுக்கப்பட்டது. ஆதலின், முனையில் ஜாக் பொருத்தும்போது அரை அங்குலத்துக்கு மேல் முறுக்கைப் பிரித்தல் கூடாது. இரு முனைகளிலும் நிற வரிசை ஒன்றாகவே இருத்தல் வேண்டும். மின்சார ஒயர் செல்லும் பைப்பில் இதனையும் சேர்த்து இழுப்பது பாதுகாப்பன்று. தனிப் பைப் அமைத்து, குறுக்கிடும் இடத்தில் நேர்கோணமாகக் கடத்த வேண்டும். மூலையில் ஒடித்து மடக்காமல் வளைத்துத் திருப்ப வேண்டும். மொட்டை மாடியில் வெயில் படும் இடத்துக்கு, வெளிப்புறத்துக்கென்றே செய்த கறுப்பு உறையுள்ள கம்பியே நிலைக்கும். ஒரு மாடியிலிருந்து மற்றொரு மாடிக்கு வான்வழியே செம்பு இழுப்பதோ மின்னற்காலத்தில் கருவிகளுக்குக் கேடு. அங்கே கண்ணாடி இழைக் கம்பியே தக்கது.

இறுதியாக, காமிரா எதை நோக்குகிறது என்பதும் சிந்தனைக்குரியது. நெருங்கி நிற்கும் நம் தெருக்களில், வாசற்காமிரா சிறிது திரும்பினாலும் எதிர்வீட்டு முற்றம் படத்தில் விழுந்துவிடும். அயலார் இல்லத்துள் அனுமதியின்றி நோக்கலாகாது என்பது நம் குழந்தைகள் இளமையிலேயே கற்கும் ஒழுக்கம். அது கருவியின் கண்ணுக்கும் பொருந்தும். தமக்கையார் தாமே எதிர்வீட்டுப் பெண்ணை அழைத்துப் படத்தைக் காட்டி, அவர் மனம் ஒப்பிய பிறகே கோணத்தை நிலைப்படுத்தினார்.

நம் வீட்டைப் பிறர் நோக்காதிருக்கவும் வழி செய்ய வேண்டும். 2016-இல் மிராய் என்னும் நச்சு நிரல், ஆலையில் இட்ட கடவுச்சொல்லையே மாற்றாது விட்ட காமிராக்களையும் பிற கருவிகளையும் உலகெங்கும் கைப்பற்றி, அமெரிக்காவின் புகழ்பெற்ற இணையதளங்கள் பலவற்றை முடக்கியது. பொருத்திய அன்றே அச்சொல்லை மாற்றுதல் கடமை.

வேலை முடிந்ததும் கம்பி செல்லும் வழியை ஒரு தாளில் வரைந்து, பத்திரங்களுடன் அலமாரியில் வைத்திருங்கள். நாளை அச்சுவரில் ஆணி அடிக்க வருபவருக்கும், பழுது பார்க்க வருபவருக்கும், அவ்வீட்டைக் காக்கப்போகும் நம் பிள்ளைகளுக்கும் அது உதவும்.