இருமாதவர்களின் காசநோய்

சளிக் குப்பியின் மூடியைத் திறக்காமல், வெளியிலிருந்து பார்த்தே பாதி சொல்லிவிடலாம். மஞ்சளாய்க் கெட்டியாய் இருந்தால் நெஞ்சிலிருந்து வந்தது. நுரைத்துத் தெளிந்திருந்தால் எச்சில். எச்சிலைச் சோதித்து ‘நெகட்டிவ்’ என்று எழுதினால் நோய் இல்லை என்றாகிவிடாது. எப்படி எடுப்பது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

‘காலையில் எழுந்ததும் வரும் முதல் சளி’ என்கிறது கையேடு. தேவனாம்பட்டினம் மீனவக் குப்பத்தில் காலை எது? ஃபைபர் படகுக்காரர் நடுநிசி தாண்டியதுமே எழுந்துவிடுவார். விடியும்போது கடலில் இருப்பார். கரையேறி, மீனைக் கொடுத்து, வலையை ஒதுக்கிவிட்டுப் படுத்தால் பிற்பகலில்தான் மறுபடி விழிப்பார். தூக்கத்தில் நெஞ்சில் தேங்கிய சளிதான் நமக்கு வேண்டும். எனவே அவருக்குக் காலை அந்தப் பிற்பகல்தான். வாய் கொப்பளித்து, மூச்சை ஆழ இழுத்து நிறுத்தி, அடியிலிருந்து இருமி, காற்றோட்டமான இடத்தில் துப்பவேண்டும். களப்பணியாளர் இதைச் செய்து காட்டாமல் குப்பியை நீட்டிவிட்டு நகர்ந்தால், பின்னால் இருக்கும் ஆய்வகம் முழுவதும் வீண்.

நான் ஸ்லைடு பார்த்தே வளர்ந்தவன். கார்பால் ஃபுக்சினை ஊற்றி ஆவி வரும்வரை சூடுகாட்டுவோம், கொதிக்கக் கூடாது. அமிலம் விட்டதும் மற்றவை சிவப்பை இழக்கும். மெழுகுத்தன்மையுள்ள உறை இருப்பதால் காசக்கிருமி மட்டும் விடாது. நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் கோடு. இல்லை என்று சொல்ல நுண்ணோக்கியில் 100 புலங்கள் பார்த்தாக வேண்டும். அப்படிப் பார்த்தாலும், ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணில் படும். வளர்ப்புச் சோதனை அதைவிட நுட்பமானது, ஆனால் முட்டை கலந்த பச்சை ஊடகத்தில் எட்டு வாரம் வரை காத்திருக்க வேண்டும். இன்று ட்ரூநாட் என்ற மரபணுச் சோதனை சில மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது. சந்தோஷம்தான். ஆனால் யாருடைய சளி அதற்குள் போகிறது என்பதை அது தீர்மானிப்பதில்லை.

அதைத் தீர்மானித்தது நாங்கள் கேட்ட கேள்வி. “ரெண்டு வாரமா இருமல் இருக்கா?” இதற்கு நியாயமான வரலாறு உண்டு. 1963இல் ஆய்வாளர்கள் பானர்ஜியும் ஆண்டர்சனும் தும்கூர்ப் பகுதி ஆய்வை வெளியிட்டார்கள். நோயாளிகளில் பெரும்பாலோர் தங்கள் உடல்நிலை சரியில்லை என்று அறிந்திருந்தார்கள். பலர் அரசு மருத்துவமனைக்கே போய், இருமல் மருந்தோடு திரும்பியிருந்தார்கள். வாசலுக்கு வருகிறவரை ஒழுங்காகச் சோதித்தாலே போதும் என்று தேசியத் திட்டம் அமைந்தது. அன்றைய ஏழ்மையில் அதைவிட நல்ல முடிவு இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

பிறகு வந்தது 2019–21 தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பு. எக்ஸ்ரே வண்டி ஊருக்குள் வந்தது, இருமல் இல்லாதவர்களையும் நிறுத்திப் படம் எடுத்தது. உறுதியான நோயாளிகளில் 42.6 விழுக்காட்டினரை எக்ஸ்ரே இல்லாவிட்டால் தவறவிட்டிருப்போம். எங்கள் கேள்விக்கு அவர்கள் ‘இல்லை’ என்றுதான் சொல்லியிருப்பார்கள், அதுவும் உண்மையாக.

சோதனைக்கு வராதவர்கள் இன்னொரு பிரச்சினை. பகலில் கதவைத் தட்டினால் பெண்களும் முதியவர்களும் கிடைப்பார்கள். நோய் அதிகமுள்ள ஆண்கள் கடலிலோ தூக்கத்திலோ இருப்பார்கள். அவர்கள் விடுபட்டால் வரும் எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து நோய் குறைந்துவிட்டது என்று மேடையில் பேசுவார்கள். மீனவக் குப்பத்துக்கு மாலையில் போ என்பது என் வரையில் புள்ளியியல் திருத்தம்.

கண்டுபிடித்த பிறகும் வேலை இருக்கிறது. “இருமலே இல்ல சார், ஆறு மாசம் மாத்திரையா?” என்று கேட்பவரிடம் விழுக்காடு எடுபடாது. எக்ஸ்ரே படத்தைக் காட்டினால் மரியாதைக்குத் தலையாட்டுவார். “அண்ணே, வீட்ல சின்னப் பிள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க, அவங்களையும் பாக்கணும்” என்றால் மறுநாள் குடும்பத்தோடு வந்துவிடுவார்.