முஹம்மடன் ஸ்போர்ட்டிங்கும் எங்கட பிள்ளைகளின் கால்களும்

போன நவம்பரில் எங்கட பாடசாலையின் 16 வயதுக்குக் கீழ் அணி, டவுனுக்குள் உள்ள இன்னொரு பாடசாலையோடு ஒரு சிநேகபூர்வ ஆட்டம் ஆடியது. வாடை மழை. மைதானத்தில் பாதி சேறு. நான்குக்குப் பூச்சியம் என்று தோற்றோம். தோற்றதில் புதினம் இல்லை. ஆனால் இறங்கிய பதினொரு பேரில் மூன்று பேருக்குத்தான் சப்பாத்து. மற்ற எட்டுப் பேரும் வெறுங்கால். பந்தோடு திரும்பும் இடமெல்லாம் வழுக்கி விழுந்தார்கள். மூன்றாவது கோல் போனதே எங்கட பின்வரிசைப் பிள்ளை சறுக்கி விழுந்த இடத்தால்தான்.

ஆட்டம் முடிந்து மரத்துக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்கள். வாத்தியாருக்கு வாய் சும்மா இருக்குமா? கல்கத்தா கதையை எடுத்துவிட்டேன். 1911 இல் மோகன் பகான் வெள்ளைக்கார ரெஜிமென்ட் ஒன்றை இறுதியாட்டத்தில் வென்றது, அந்த அணியில் ஒருவரைத் தவிர எல்லாரும் வெறுங்கால் என்று சொன்னேன். பிறகு முஹம்மடன் ஸ்போர்ட்டிங்கின் முஹம்மது சலீம். 1936 இல் கப்பலேறி ஸ்கொட்லாந்துக்குப் போய், செல்டிக் கழகத்தின் இரண்டாம் அணிக்கு வெறுங்காலோடு இரண்டு ஆட்டம் ஆடியவர். சப்பாத்துப் போட்டவர்களுக்கு நடுவில் அவர் பந்தோடு செய்த வித்தையைப் பத்திரிகைகள் புகழ்ந்தன. செல்டிக்கின் பயிற்சியாளர் அவருடைய பாதத்துக்குப் பண்டேஜ் சுற்றிவிடும் படம் ஒன்று இருக்கிறது. அதையும் போனில் காட்டினேன்.

"பார்த்தீங்களா, சப்பாத்து இல்லாமத்தான் இவங்க எல்லாம் பேரெடுத்தாங்க" என்று முடித்தேன்.

விழுந்த அந்தப் பிள்ளை போனை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தான். "சேர், இவர்ர காலுக்கு ஒரு ஆள் குந்திக்கொண்டு பண்டேஜ் கட்டுறாரே. எங்கட காலுக்கு யாரு சேர் கட்டுவா?" என்று கேட்டான். நக்கலாகக் கேட்கவில்லை. அவனுடைய பெருவிரல் நகம் பாதி பெயர்ந்திருந்தது.

அன்றைக்கு வீட்டுக்குப் போய், நான் இவ்வளவு காலமும் மேலோட்டமாகச் சொல்லிக்கொண்டு திரிந்த கதையை ஒழுங்காக வாசிக்க உட்கார்ந்தேன். கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்தது, பாடத்துக்குப் போக முதல் பாடத்தைப் படி என்றுதான். பந்துக்கு அது பொருந்தாது என்று நினைத்துவிட்டேன் போல.

முஹம்மடன் ஸ்போர்ட்டிங் 1891 இல் தொடங்கியது. நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரு பெயரும் இல்லை. கல்கத்தா லீக்கின் முதலாம் பிரிவுக்கே 1934 இல்தான் ஏறினார்கள். ஏறிய வருஷமே சம்பியன். அதற்கு முதல் எந்த இந்திய அணியும் அந்த லீக்கை வென்றதில்லை. எல்லாம் ரெஜிமென்ட்களும் வெள்ளைக்காரக் கழகங்களும்தான். (எங்கட துறைமுகத்திலும் 1957 வரைக்கும் பிரித்தானியக் கடற்படைதானே இருந்தது.) 1934 இலிருந்து 1938 வரை தொடர்ந்து ஐந்து தரம் வென்றார்கள். 1936 இல் ஐ.எஃப்.ஏ. கேடயமும் சேர்ந்து வந்தது. 1940 இல் டெல்லியில் டுராண்ட் கிண்ணத்தை வென்ற முதல் இந்தியச் சிவிலியன் அணியும் இவர்கள்தான்.

எப்படி? நான் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்ட இடம் இதுதான். கல்கத்தா லீக் நடப்பது மழைக்காலத்தில். முதல் பாதியில் தரை காய்ந்திருக்கும்போது வெறுங்கால்காரர்கள் நன்றாக ஆடுவார்கள். மழை இறங்கியதும் சப்பாத்துக்காரன் நிற்பான், இவர்கள் விழுவார்கள். வருஷா வருஷம் இதே கதை. முஹம்மடனை நடத்தியவர்கள் இதைக் கவனித்து, ஈரத்தில் ஆடுவதற்குப் பாரம் குறைந்த சப்பாத்துகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். கல்கத்தாவுக்குள் மட்டும் பார்க்காமல் பெங்களூர் வரைக்கும் போய் ஆட்களைச் சேர்த்தார்கள். வீரம், ரோஷம் எல்லாம் இருந்திருக்கும். ஆனால் சேற்றில் நின்றது சப்பாத்து. வெறுங்காலைப் பெருமையாகப் பேசியதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். என்னைப் போல.

பிறகு வந்த காலம் நல்லதில்லை. நாற்பதுகளின் அரசியல் கழகத்துக்குள்ளும் புகுந்தது. 1947 பிரிவினையோடு ஆட்களும் ரசிகர்களும் பலர் கிழக்குப் பக்கம் போய்விட்டார்கள். டாக்காவில் இதே பெயரில் இன்னொரு கழகம் இருக்கிறது. கல்கத்தாவில் மிஞ்சியது 1981 இல் லீக்கை வென்றது, அடுத்ததுக்கு 2021 வரை காத்திருந்தது. நாற்பது வருஷம்! 2013 இல் டுராண்டையும் 2014 இல் கேடயத்தையும் வென்ற அதே பருவத்தில் தேசிய ஐ-லீக்கிலிருந்து கீழ்ப் பிரிவுக்கு இறங்கியதும் இவர்கள்தான். இப்படி ஒரு கழகத்தின் ரசிகனாக இருப்பதற்குத் தனி நெஞ்சு வேண்டும்.

2024 ஏப்ரல் 6 ஆம் திகதி ஷில்லோங்கில் இரண்டுக்கு ஒன்று என்று வென்று ஐ-லீக் சம்பியனாகி, மேல் பிரிவுக்கு ஏறினார்கள். நோன்பின் கடைசி நாட்கள். தம்பியும் நானும் போனில் செய்தியைப் பார்த்து, நாங்களே வென்ற மாதிரி நின்றோம். அடுத்த பருவம் அந்தப் பிரிவில் கடைசி இடம். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

சலீமைப் பற்றி இன்னொன்று. அவருக்கு ஊர் நினைவு தாங்கவில்லை, சீக்கிரமே திரும்பி வந்துவிட்டார். பல வருஷம் கழித்து அவர் சுகமில்லாமல் இருந்தபோது, அந்தக் கழகத்துக்கு வாப்பா நினைவிருக்கிறாரா என்று பார்க்க மகன் ஒரு கடிதம் போட்டிருக்கிறார். 100 பவுணுக்கு வங்கிக் காசோலை வந்ததாம். மகன் அதை மாற்றவே இல்லை, வைத்துக்கொண்டார்.

டிசம்பர் விடுமுறைக்கு முதல் நாள் பிள்ளைகளை மறுபடியும் அதே மரத்துக்குக் கீழே இருத்தி, கதையின் விடுபட்ட பாதியைச் சொன்னேன். "அப்ப சேர் அண்டைக்குப் பிழையாச் சொன்னீங்க" என்றான் கோல்காப்பாளன். ஓம் என்றேன்.

அணியில் மொத்தம் 16 பேர். சப்பாத்து இப்போது ஒன்பது பேருக்கு இருக்கிறது. கட்டாரில் இருக்கிற பழைய மாணவர் ஒருவர் நாலு சோடி அனுப்பினார். இரண்டு சோடி, நவம்பரில் எங்களை வென்ற பாடசாலையின் விளையாட்டு ஆசிரியர் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து தந்தது. "எங்கட பொடியன்களுக்குக் கால் வளர்ந்துட்டு சேர், சும்மா கிடக்கு" என்றார்.

மிச்சம் ஏழு பேர். சைஸ் 5 இல் மூன்று, 6 இல் மூன்று, 7 இல் ஒன்று. அந்த 7, நகம் பெயர்ந்த பிள்ளைக்கு. பழசு என்றாலும் பரவாயில்லை, அடியில் ஸ்டட் தேயாமல் இருந்தால் போதும். காசாக வேண்டாம், கணக்கு வழக்குப் பேச எனக்குத் தெம்பில்லை. உட்துறைமுக வீதிப் பக்கம் வருகிறவர்கள் அஸருக்குப் பிறகு மைதானத்துக்கே கொண்டுவரலாம். மஃரிப் வரைக்கும் அங்கேதான் நிற்பேன்.