வெளிவராத கணக்கு

1914 ஆகஸ்டில் ஜெர்மன் பத்திரிகைகளில் வந்த போர் அறிக்கைகளின் அடியில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப இருக்கும்: ஸ்டைன். முழுப்பெயர் ஹெர்மன் ஃபான் ஸ்டைன், பாதிரியாரின் மகன், படைத் தலைமையகத்தில் குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரல். ஊர்ப் பெயர், நடந்த சம்பவம், அவ்வளவுதான் அறிக்கை. அலங்காரமே இல்லாத அந்த நடைதான் அவரை நாடறியச் செய்தது.

சொற்சிக்கனத்துக்குள் ஒரு தோல்வியே மறைந்துகொள்ளலாம் என்பது அடுத்த மாதமே தெரிந்தது. மார்ன் ஆற்றங்கரையிலிருந்து ஜெர்மன் படைகள் பின்வாங்கின. அது எவ்வளவு பெரிய சறுக்கல் என்று மக்களுக்கு யாரும் சொல்லவில்லை. தலைமைத் தளபதி மோல்ட்கேயின் பொறுப்பு கைமாறியதும் பல வாரங்கள் வெளியே வரவில்லை. ஸ்டைனும் தலைமையகத்தை விட்டு, 14-வது ரிசர்வ் படைப்பிரிவின் தளபதியாகக் களத்துக்குப் போனார்.

அங்கே எழுத்து வேலை இல்லை; அவருடைய படை தோண்டியது. பிரான்சின் சோம் பகுதி, சுண்ணாம்புப் பாறை நிலம். தியெப்வால், பொமோன் ஆமெல், ஃப்ரிகூர் கிராமங்களை ஒட்டி, ஏறக்குறைய இரண்டு வருடம், படிக்கட்டு வைத்து ஆழமான பாதாள அறைகளைக் குடைந்தார்கள். 1916 ஜூன் 24 முதல் ஒரு வாரம் பிரிட்டிஷ் பீரங்கிகள் சுமார் 15 லட்சம் குண்டுகளைக் கொட்டின. மேலே கிராமங்கள் பொடியாயின. கீழே பசியோடும் தாகத்தோடும் காத்துக் கிடந்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். ஜூலை 1 காலை குண்டுமழை நகர்ந்ததும் இயந்திரத் துப்பாக்கிகளைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடிவந்து, முன்னேறிவந்த பிரிட்டிஷ் படையைச் சுட்டார்கள். அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் செத்தவர்கள் 19,240 பேர். ஒரு தளபதியின் திறமையை அளக்க இதைவிடக் கொடிய கணக்கு வேண்டியதில்லை.

அக்டோபர் 29-ல் ஸ்டைன் பிரஷ்யாவின் போர் அமைச்சரானார். படைத் தலைமையிலிருந்த ஹிண்டன்பர்க்கும் லூடன்டார்ஃபும் குண்டு உற்பத்தியை இரட்டிப்பாக்கச் சொல்லி நெருக்கிய காலம். டிசம்பர் 5-ல் வந்த சட்டம், 17 முதல் 60 வயது வரையுள்ள ஆண்களைப் போர்க்கால வேலைக்குக் கட்டாயப்படுத்தியது. அந்தக் குளிர்காலத்தில் உருளைக்கிழங்கு கிடைக்காமல் நகரங்கள் டர்னிப் கிழங்கைத் தின்றன.

அவர் மேசையில் இன்னொன்றும் காத்திருந்தது. யூதர்கள் களத்துக்குப் போகாமல் நழுவுகிறார்கள் என்ற அவதூறைக் கேட்டு, முந்தைய அமைச்சர் வில்ட் ஃபான் ஹோஹென்போர்ன் அக்டோபர் 11-ல் படையிலுள்ள யூதர்களைத் தனியே எண்ண உத்தரவிட்டிருந்தார். எண்ணும் நாள் நவம்பர் 1; ஸ்டைன் பதவியேற்று மூன்று நாள் கழித்து. பதுங்குகுழியில் பக்கத்தில் நின்றவனை மதம் பார்த்துப் பிரித்தெடுத்த அந்தக் காரியத்தின் முடிவுகள், 1918 அக்டோபரில் ஸ்டைன் விலகும்வரை வெளியிடப்படவில்லை. அறிக்கையால் பெயர் வாங்கிய மனிதரின் அமைச்சகம், அந்த முடிவுகளில் ஒரு வரியைக்கூட வெளியிடவில்லை. அந்த மௌனத்தை அவதூறு பேசியவர்கள் சாட்சியாக்கிக்கொண்டார்கள்.

பதில் படைவீரர்களிடமிருந்தே வந்தது. லியோ லேவென்ஸ்டைன் 1919-ல் தொடங்கிய யூதப் போர்வீரர் சங்கம், களத்தில் மாண்ட யூதர்களைத் தேடித் தொகுத்து 1932-ல் ஒரு நூலாக அச்சிட்டது. அதில் 10,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. ஒரு பிரதியை, அப்போது குடியரசுத் தலைவராயிருந்த ஹிண்டன்பர்க்குக்கே கொடுத்தார்கள்.