மிஷினுக்கும் கோட்டா

டிஸ்க்கைக் கொண்டுவந்தவர் மாமா. அம்மாவுக்குத் தம்பி, எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர். எங்கள் சொந்தத்திலேயே வெள்ளைக்காரனுக்கு மெயில் போடத் தெரிந்த ஒரே ஆள் என்பதால், வீட்டுக்குள் வரும் இங்கிலீஷ் சமாச்சாரம் அத்தனைக்கும் அவர்தான் பொறுப்பு. சனிக்கிழமை சம்பளம் வாங்கி, சந்தைக்குப் போய்வந்து, சாப்பிட்டுப் பாயை விரித்த பிறகுதான் பிளேயரைத் தொட விடுவார்கள். உறையில் இருந்த வரைந்த முகங்களைப் பார்த்த அம்மா, "பொம்மப் படந்தான, பசங்க பாக்கட்டும்" என்று படுத்துவிட்டாள். சாதாரணத் தமிழ்ப் படத்திலேயே சில காட்சி வந்தால் எங்களைத் தண்ணீர் மோந்துவர அனுப்புகிற அம்மா! வரைந்த படமென்றால் அது குழந்தைகளுக்குத்தான் என்று ஊரே நம்பியது. அந்த நம்பிக்கைக்கு நான் நிறையக் கடன்பட்டிருக்கிறேன்.

டிஸ்க்கில் இருந்த 'தி அனிமேட்ரிக்ஸ்' 2003-ல் வந்தது. மனிதர்களை இயந்திரங்கள் ஒரு பொய்யுலகத்தில் அடைத்துவைத்திருக்கும் 'மேட்ரிக்ஸ்' படத்தை எடுத்த வச்சோவ்ஸ்கிகள், முதல் படத்தின் விளம்பரத்துக்காக ஜப்பான் போனபோது, தங்களுக்குப் பிடித்த அனிமேஷன்காரர்களைத் தேடிப்பிடித்துப் பேசினார்கள். அதில் விளைந்தது இந்தத் தொகுப்பு. ஒன்பது குறும்படங்கள், ஏழு இயக்குநர்கள். ஒரு கதை முடிந்து அடுத்தது தொடங்கினால் கோடு வேறு, நிறம் வேறு, ஆட்களின் மூக்கு முழியே வேறு. சப்டைட்டில் கிடையாது. மாமா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திக் கதை சொன்னார். அவருக்குப் புரியாத இடங்களில் ஓட்டிவிட்டார்.

இயக்குநர் கவாஜிரியின் கதையில் வரும் வாள்சண்டைக்குத் தம்பி பாயிலேயே துள்ளினான். கொய்கே எடுத்த கதையில் 100 மீட்டர் ஓடும் ஒருவன், தொடைச் சதை கிழிந்த பிறகும் நிற்காமல் ஓடி, அந்த ஓட்டத்தின் வேகத்திலேயே பொய்யுலகத்தை விட்டு ஒரு கணம் வெளியே விழித்துவிடுவான். மொரிமோட்டோவின் கதையில் பூனையைத் தேடிப் போகும் பெண் பாழடைந்த ஒரு வீட்டைக் கண்டுபிடிப்பாள். உடைந்த பாட்டில் அங்கே தானாக ஒட்டிக்கொள்ளும். மேலிருந்து குதிக்கும் பையன் தரையைத் தொடாமல் நின்றுவிடுவான். தெருப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு மைதானம். பிறகு லாரியில் ஆட்கள் வந்து எல்லாவற்றையும் 'சரி' செய்துவிடுவார்கள். எங்கள் தெருக்கோடியில் பூட்டிக்கிடந்த பழைய சாயப்பட்டறைக்கும் அந்த வருஷம் அப்படித்தான் ஆள் வந்து, கேட் போட்டு, புதுக் கம்பெனி போர்டு மாட்டினார்கள்.

ஆனால் எங்களைக் கட்டிப்போட்டது மஹிரோ மேடா இரண்டு பாகமாக எடுத்த 'தி செகண்ட் ரெனெய்சன்ஸ்'தான். மேட்ரிக்ஸ் உலகம் எப்படி வந்தது என்பதன் முன்கதை. மனிதனுக்காகக் கல் சுமக்கவும் கட்டடம் கட்டவும் செய்த இயந்திரங்கள். அவற்றில் ஒன்றை, பி1-66இஆர் என்று பேர், எஜமான் காயலாங்கடைக்குப் போடத் தீர்மானிக்கிறான். அது அவனைக் கொன்றுவிடுகிறது. கோர்ட்டில், சாக விருப்பமில்லை என்கிறது. அதன்பிறகு தெருவெல்லாம் கலவரம். பெண் உருவத்திலிருந்த ஒரு இயந்திரத்தைக் கும்பல் அடித்து நொறுக்கும் இடத்தில் தம்பி போர்வைக்குள் போய்விட்டான்.

எங்கள் வீட்டிலும் மிஷினோடு இருப்பவர் ஒருவர் உண்டு. அப்பா நிட்டிங் ஆபரேட்டர். ரவுண்டு மிஷின் சுற்றிக்கொண்டே துணியைக் குழாயாக இறக்கும். எங்காவது ஒரு நூல் அறுந்தால் விளக்கு எரியும், மிஷின் தானே நின்றுவிடும். "பாத்தியா, அதுக்கே தெரியுது" என்று அப்பா பெருமையாகச் சொல்வார். நைட் ஷிப்ட் முடிந்து தலைமுடியெல்லாம் பஞ்சோடு வருபவர், அடுத்த வாரம் பகல் ஷிப்டுக்கு மாறும்வரை எங்களோடு அதிகம் பேசமாட்டார். ஆயுதபூஜைக்கு மட்டும் எங்களையும் கூட்டிப்போவார். மிஷினுக்கெல்லாம் எண்ணெய் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பொரி கடலை கொடுப்பார்கள். அன்றைக்கு அதற்கும் லீவு.

நாங்கள் படம் பார்த்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவுக்கு அந்த இயந்திரக் கதையை மட்டும் திரும்பப் போட்டோம். கோர்ட்டுக் காட்சி வந்ததும் எழுந்து உட்கார்ந்தார். "எடைக்குப் போடறேன்னு அது காது கேக்கவே சொன்னானாக்கும்? அப்பறம் என்ன பண்ணும்?" என்றார். கொன்றது பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கோர்ட்டுக் காட்சிக்குப் பிறகுதான் மாமாவின் கதை தொடங்கியது. மனிதர்கள் துரத்திவிட்ட இயந்திரங்கள் பாலைவனத்தில் ஜீரோ ஒன் என்று ஒரு ஊர் கட்டுகின்றன. அந்த ஊர்ச் சரக்கு உலகமெல்லாம் போகிறது. விலை குறைவு, தரம் அதிகம். மற்ற நாடுகளின் பணமதிப்பு சரிகிறது. ஐ.நா. சபை கூடி முற்றுகை போடுகிறது. எங்களையும் சபையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வந்த ஜீரோ ஒன் தூதர்களை விரட்டிவிடுகிறார்கள்.

"கோட்டா போட்டுட்டான் கண்ணு, கோட்டா!" என்று மாமா தொடையைத் தட்டினார்.

அப்போது எங்கள் திருப்பூரில் டீக்கடை பெஞ்சு வரைக்கும் அதுதான் பேச்சு. அமெரிக்காவும் ஐரோப்பாவும் நம்மைப் போன்ற நாடுகளிலிருந்து வருஷத்துக்கு இத்தனை உருப்படித் துணிதான் என்று 1974-லிருந்து ஒப்பந்தம் போட்டு அளவு வைத்திருந்தன. ஆர்டர் இருக்கும், துணி இருக்கும், டைலர் இருப்பார், கோட்டா இருக்காது. கோட்டா வைத்திருப்பவரிடம் காசு கொடுத்து வாங்கித்தான் சரக்கைத் தூத்துக்குடிக்கு ஏற்ற வேண்டும். 1995-லிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, 2005 ஜனவரி 1-ஆம் தேதி அடியோடு எடுத்துவிடுவதாக ஏற்பாடு. மாமா அந்தத் தேதிக்காகக் காத்திருந்தார். அதனால் படத்தில் அவர் முழுக்க மிஷின் பக்கம். நல்ல சரக்கை நல்ல விலைக்குக் கொடுப்பவனைத் தடுக்கிற ஊர் உருப்படாது என்றார்.

படத்தில் அது உருப்படவும் இல்லை. முற்றுகை போராகிறது, குண்டு போட்டும் இயந்திரங்கள் தோற்கவில்லை. சூரிய ஒளியில் ஓடுகிறவை அல்லவா, வெளிச்சத்தை நிறுத்தினால் நின்றுவிடும் என்று மனிதர்கள் வானத்தையே கரும்புகையால் மூடுகிறார்கள். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவால் ஒரு நாள் சிவப்பும் மறுநாள் நீலமுமாகத் தண்ணீர் போவதைப் பாலத்தில் நின்று பார்த்து வளர்ந்த எங்களுக்கு அதை நம்புவதில் சிரமமே இல்லை. ஆற்றை அப்படிச் செய்கிறவர்கள் வானத்தை விட்டுவைப்பார்களா என்ன! பிற்பாடு படித்த விமர்சனங்கள் பலவும் அந்தக் காட்சியின் கற்பனையைப் புகழ்ந்தன. எனக்கு அந்தக் கதையிலேயே கற்பனை குறைந்த இடம் அதுதான்.

2005 பிறந்தது, கோட்டா போனது. போன வேகத்தில் சீனச் சரக்கு ஐரோப்பாவை நிறைத்தது. ஜூன் மாதத்தில் சீனாவோடு ஐரோப்பிய ஒன்றியம் புது வரம்பு பேசி முடித்தது. ஆகஸ்டுக்குள் வரம்பைத் தாண்டிய கோடிக்கணக்கான சீன உடுப்புகள் துறைமுகங்களிலேயே தேங்கிக்கிடந்தன. அந்த வாரம் மாமா லட்டு வாங்கிக்கொண்டு வந்தார். பையர் இரண்டு பேர் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார்களாம், சாம்பிள் கேட்டிருக்கிறார்களாம்.

"அன்னிக்கு நீங்க மிஷின் பக்கந்தானுங்க மாமா இருந்தீங்க?" என்றேன்.

லட்டைப் பிட்டு என் கையில் வைத்தார். "அது படம் கண்ணு. இது ஆர்டரு."

அப்பா சிரித்த சிரிப்பில் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.