ஒரு பெயரைத் திரையில் வரைந்த கதை

சென்ற ஆண்டு எமது பாடசாலையின் ஆண்டு விழாவிலே பரிசளிப்பு நிகழ்ந்தபோது மண்டபத்தில் இருந்த பெற்றோர் பலருக்கு இச்சம்பவம் நினைவிருக்கக்கூடும். பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடைக்கு ஏறும்பொழுது அவரவர் பெயர் பின்னாலிருந்த பெருந்திரையிலே எழுத்தெழுத்தாகத் தோன்றும்படி ஒரு சிறு கணினி நிரல் செய்யப்பட்டிருந்தது. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் முறை வந்தது. 'ஸ்ரீ' என்று தொடங்கும் பெயர் அவளுடையது. திரையிலோ முதலில் வெறும் 'ஸ' வந்தது. அடுத்து, புள்ளிகளாலான ஒரு வட்டமும் அதன் தலையில் ஒரு குற்றும் வந்து நின்றன. பின்னர் ஒரு 'ர'. அதன்பின் இன்னொரு புள்ளிவட்டமும் அதிலே ஒட்டிய ஒரு சுழியும். பின்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள். பிள்ளை திரும்பிப் பார்த்தாள். பரிசுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு விரைந்து இறங்கிவிட்டாள்.

அந்த நிரலை எழுதியது நாமே.

அடுத்த சனிக்கிழமை அப்பிள்ளை தன் தமிழ்க் கொப்பியின் அட்டையிலே பெயரை நோர்வேஜிய எழுத்துக்களில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். "ஏன் பிள்ளை?" என்று கேட்டோம். "இது உடையாது, சேர்" என்றாள்.

வன்னியிலே கணித ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில், இடம்பெயர்ந்து சென்ற இடங்களில் மரத்தடியிலே கரும்பலகையைச் சாத்திவைத்தும் படிப்பித்திருக்கிறோம். சுண்ணக்கட்டி தட்டுப்பாடான நாட்களும் உண்டு. ஆனால் ஒரு மாணவனின் பெயரையேனும் பலகையிலே பிழைபட எழுதியதாக நினைவில்லை. எனவே அப்பிள்ளையின் ஒரு சொல் எம்மை வெகுவாக உறுத்திற்று. எங்கே பிழைத்தோம் என்று ஆராய்ந்ததையே இங்கு எழுதுகிறோம். பெற்றோருக்கு இது சற்று நீண்ட விளக்கமாகத் தோன்றலாம். மேல்வகுப்பு மாணவர் சிலர் விரும்பி வாசிப்பர் என்று நம்புகிறோம்.

நிரல் எழுதுதலை எமக்குக் கற்பித்தவர் இதே பாடசாலையின் பழைய மாணவர் ஒருவர். ஞாயிறு மாலைகளில் எமது குசினி மேசையிலே அவர் ஆசிரியர், நாம் மாணவர். பெயர்த்திரையை முதலில் நாம் அமைத்த முறை அவருக்குச் சிரிப்பை வரவழைத்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒவ்வொரு பெட்டியை வைத்திருந்தோம். கணினிச் சாளரத்தில் இடம்பெறும் அத்தகைய பெட்டி வெறும் எழுத்தன்று. தனக்குரிய இடத்தைக் கேட்டுப் பெறும். சுட்டி தன்மேல் வந்ததா, தன்னை எவரும் அழுத்தினரா என்றெல்லாம் கவனித்துக்கொண்டிருக்கும். ஓர் எழுத்துக்கு ஒரு வீடும் வேலியும் வாசற்காவலனும் கொடுத்தாற்போல. பாடசாலையின் பழைய மடிக்கணினி அத்தனை வீடுகளையும் கட்டி முடிப்பதற்குள் பிள்ளை மேடையை விட்டு இறங்கிவிடுவாள்.

"பெட்டி வேண்டாம், சேர். நேராக வரைஞ்சு விடுங்கோ" என்றார் அவர்.

மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2006 ஆம் ஆண்டில் வெளியிட்ட டபிள்யூ.பி.எஃப். என்னும் சாளரக் கட்டமைப்பிலே 'ஃபோர்மட்டட் டெக்ஸ்ட்' என்றொரு வசதி உண்டு. எழுதவேண்டிய தொடர், அதன் மொழி, எழுதுந் திசை, எழுத்துரு, அளவு, நிறம் ஆகியவற்றைக் கொடுத்தால் அது அத்தொடரை ஒழுங்குபடுத்தி வைத்துக்கொள்ளும். இன்ன புள்ளியிலே வரை என்றால் வரைந்துவிடும். வரைந்தபின் அதை அழுத்தவோ தெரிவுசெய்யவோ இயலாது. பலகையிலே சுண்ணக்கட்டியால் எழுதிய எழுத்துப்போல, பார்ப்பதற்கு மட்டுமே. அதனாலேயே அது பாரமற்றது.

அதிலே எம்மைக் கவர்ந்தது வேறொன்று. வரைவதற்கு முன்னரே அத்தொடர் எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்று கேட்டறியலாம். கரும்பலகையில் நீண்ட சொல்லைத் தொடங்கிவிட்டு ஓரத்தில் இடமின்றி எழுத்துக்களை நெருக்கிய அனுபவம் இல்லாத ஆசிரியர் உண்டோ! இங்கே அகலத்தை அறிந்து, திரையின் அகலத்திலிருந்து கழித்து, இரண்டாற் பிரித்தால் பெயர் நடுவிலே அமர்ந்துவிடும். அளவிலே மாத்திரம் ஒருமுறை ஏமாந்தோம். அச்சகத்தார் கணக்கிலே ஓர் அங்குலத்திற்கு 72 புள்ளி. இக்கட்டமைப்பிலோ ஓர் அங்குலத்திற்கு 96 கூறு. 36 புள்ளி எழுத்து வேண்டின் 48 என்று கொடுத்தல் வேண்டும். நாம் 36 என்றே கொடுத்துவிட்டு, எழுத்து ஏன் சிறுத்தது என்று வியந்தோம். கணித ஆசிரியருக்கு இது அழகன்று.

இனிப் பெருந்தவறுக்கு வருவோம். பெயரை எழுத்தெழுத்தாகக் காட்டவேண்டும் என்பதற்காக நாம் அதைத் துண்டுதுண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே வரைந்தோம். இதற்குக் காரணம் எமது பழைய பழக்கம். ஊரிலே நாம் தட்டச்சுக் கற்றது பாமினி எழுத்துருவில். அதிலே 'தமிழ்' என்று எழுத ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற விசைகளை அழுத்துவோம். கணினிக்குள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துக்களே. அவை தமிழ் முகமூடி அணிந்திருக்கும். 'கொ' என்று எழுதக் கொம்பு முதலில், பின் 'க', அதன்பின் கால். கை எழுதும் வரிசை எதுவோ அதுவே கணினியின் வரிசையும். எங்கே வெட்டினாலும் துண்டுகள் தத்தம் இடத்திலே நின்றன.

1991 இல் முதற்பதிப்பு வெளிவந்த யூனிகோட் முறையிலே அவ்வாறன்று. அங்கே 'க' என்னும் எழுத்து முதலில் நிற்கும். ஒகரக் குறி அதன்பின்னே நிற்கும். அதாவது காது கேட்கும் வரிசை. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கும் என்று தொல்காப்பியர் கூறிய வரிசையும் அதுவே. அதை எடுத்துக் கொம்பை முன்னுக்குக் கொண்டுவந்து, காலைப் பின்னே நிறுத்தி, கண்ணுக்குரிய வடிவாக்குவது வரையும் நேரத்திலேதான் நிகழ்கிறது. அதற்கு முழு எழுத்தும் ஒருசேரக் கையில் இருத்தல் வேண்டும். 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறியீடு. 'யாழ்ப்பாணம்' ஆறு எழுத்து, குறியீடோ 11. நாம் குறியீட்டை எழுத்தென்று எண்ணி வெட்டினோம். தாயைப் பிரிந்த குறி தனித்து நின்றபோது, இங்கே ஓர் எழுத்து இருந்திருக்கவேண்டும் என்று காட்டவே கணினி அந்தப் புள்ளிவட்டத்தை இட்டது. அதைத்தான் பின்வரிசையார் கண்டு சிரித்தனர்.

குறிகளைத் தாயெழுத்துடன் சேர்த்து எண்ணும் வழி ஒன்றைப் பழைய மாணவர் காட்டினார். அதனாற் கொம்பும் காலும் வீடு திரும்பின. ஆனால் 'ஸ்ரீ' அப்பொழுதும் 'ஸ்' என்றும் 'ரீ' என்றும் இரண்டாகவே வந்தது. வேறெவருடைய பெயராயினும் இவ்வளவில் விட்டிருப்போமோ என்னவோ.

இறுதியில் வெட்டுவதையே கைவிட்டோம். பெயர் முழுவதையும் ஒரே தொடராக வரைந்து, அதன்மேல் ஒரு மறைப்பை வைத்தோம். மறைப்பிலே ஒரு நீள்சதுர வாசல். அதன் அகலம் பூச்சியத்திலிருந்து பெயரின் அகலம் வரைக்கும் இடமிருந்து வலமாக விரியும். நாடக மேடையிலே திரைச்சீலை விலகுவதைப்போல. எழுத்து உடைவதற்கு இடமே இல்லை, ஏனெனில் அது முன்னரே முழுமையாக வரையப்பட்டு நிற்கிறது.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இடைவேளையிலே அச்சிறுமியை அழைத்துக் காட்டினோம். தன் பெயரை இருமுறை ஓட்டச் சொன்னாள், ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அம்மம்மாவின்ர ஊரை எழுதுங்கோ, சேர்" என்றாள். அம்மம்மாவின் ஊர் கோண்டாவில். எழுதி ஓட்டினோம். சீலை விலக முதலில் கொம்பு தெரிந்தது, பின் 'க', பின் கால். பிள்ளை திரைக்குக் கிட்டப் போய் நின்றாள். "நான் எழுதிற மாதிரியே வருது, சேர்!" என்றாள்.

உண்மையாகவே அதை நாம் எண்ணிச் செய்யவில்லை. காதின் வரிசையிலே கணினி வைத்திருந்ததை, விலகும் சீலை கையின் வரிசையிலே காட்டிற்று. அப்பிள்ளை சொன்ன பின்னரே எமக்கும் அது விளங்கியது.

இவ்வாண்டுப் பரிசுப் பட்டியலிலே 43 பெயர்கள் உள்ளன. ஒவ்வொன்றையும் வீட்டிலே ஓட்டிப் பார்த்துவிட்டோம். பாட்டனார் பெயர், தந்தையார் பெயர் எல்லாம் சேர்த்து எழுதித் தந்த ஒரு பெயர் மட்டும் திரையிலே அடங்காமல் இரண்டாம் வரிக்கு இறங்குகிறது. விழாவுக்கு முன்னர் அப்பிள்ளையின் தாயாருடன் பேசவேண்டும்.