புல்வழிப் பயணம் – 6: தாய்மாடுகள் கத்திய இரவு

நெப்ராஸ்காவின் நார்த் பிளாட் நகரிலிருந்து 83ஆம் எண் நெடுஞ்சாலையில் நானும் நண்பரும் வடக்கே கிளம்பினோம். அக்டோபர் மாதம். தெட்ஃபோர்டு தாண்டியதும் சுமார் நூறு கிலோமீட்டருக்குப் பெயர் சொல்லும்படி ஊர் எதுவும் வரவில்லை. இருபுறமும் புல் போர்த்திய மணற்குன்றுகள்தான். எதிரே வந்த ஒவ்வொரு பிக்கப் வண்டிக்காரரும் ஸ்டீரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்திவிட்டுப் போனார். நண்பருக்குத் தெரிந்தவர்கள் போலும் என்று நினைத்தேன். தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதமே அந்தச் சாலையில் கிடையாதாம்.

போய்ச் சேர்ந்த ஊர் வேலண்டைன். மக்கள்தொகை 2,700க்குச் சற்று முன்பின். காதலர் தின வாழ்த்துகளில் இந்த ஊர் அஞ்சல் முத்திரை விழ வேண்டும் என்று எங்கெங்கிருந்தோ கடிதங்கள் வருகின்றன. பெயரோ எட்வர்ட் வேலண்டைன் என்ற நாடாளுமன்ற உறுப்பினருடையது. இது தலைநகராக இருக்கும் செர்ரி கவுண்டியின் பரப்பு சுமார் 15,500 சதுர கிலோமீட்டர். அதில் வாழ்பவர்கள் ஐயாயிரத்துச் சொச்சம் பேர்தான்.

வியாழக்கிழமை மாட்டு ஏலம். ஏலக்காரர் மூச்சுவிடாமல் விலை சொல்லிக்கொண்டே போக, வாங்குபவர்கள் தொப்பி அசையாமல் கண்ணாலேயே பேசிக்கொள்கிறார்கள். கறுப்பு ஆங்கஸ் கன்றுகள் கூட்டமாக உள்ளே வந்து, எடை பலகையில் தெரிந்ததும் வெளியே போகின்றன. ஒரு வருட உழைப்பு இரண்டு நிமிடத்தில் விலையாகிவிடுகிறது. அந்த இரண்டு நிமிடமும் கன்றுக்குச் சொந்தக்காரர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் தங்கியது நண்பரின் மாமனார் பண்ணையில். ‘எத்தனை மாடு இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதே, வங்கியில் எவ்வளவு பணம் என்று கேட்பதற்குச் சமம்’ என்று நண்பர் முன்பே எச்சரித்திருந்தார். பெரியவர் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னார். ஒரு மேட்டில் நின்று பூட்ஸ் முனையால் புல்லை விலக்கிக் காட்டினார். விரற்கடை அளவு வேருக்குக் கீழே கடற்கரை மணல் போல வெறும் மணல். பக்கத்துச் சரிவில் புல் கிழிந்து காற்று குடைந்த பெரிய பள்ளம். அதில் பழைய டயர்களைப் போட்டு மணலை அமுக்கி வைத்திருந்தார். குன்றுகளுக்கு அடியில் ஒகலாலா நிலத்தடி நீர்த்தேக்கம் இருப்பதால் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. காற்றாடி இறைக்கும் நீர் வட்டத் தொட்டியில் விழுந்துகொண்டே இருக்கிறது.

இங்கே குடியேறியவர்களுக்கு 1904இல் கின்கெய்ட் சட்டம் குடும்பத்துக்கு 640 ஏக்கர் நிலம் கொடுத்தது. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் இந்த மண்ணில் ஒரு மாடும் கன்றும் ஆண்டு முழுக்க மேயப் பதினைந்து ஏக்கராவது வேண்டும். நாற்பது மாட்டை நம்பி ஒரு குடும்பம் எப்படிப் பிழைக்கும்? பலர் உழுது பார்த்தார்கள், மணல் பறந்தது. நிலத்தை விற்றுவிட்டுப் போனார்கள். புல்லைத் தொடாமல் காத்தவர்களின் வாரிசுகளே இன்று ஊரில் இருக்கிறார்கள். “நான் மாடு வளர்க்கவில்லை, புல் வளர்க்கிறேன்” என்றார் பெரியவர். அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

மே மாதம் கன்றுகளுக்குச் சூடு வைக்கும்போது சுற்றுவட்டார வீடுகள் எல்லாம் குதிரைகளோடு வந்துவிடுமாம். ஒருவர் கயிறு வீசிப் பின்னங்காலைப் பிடித்து இழுத்து வர, இருவர் அமுக்க, சூடு, ஊசி, காயடிப்பு எல்லாம் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். கூலி கிடையாது, மத்தியானச் சாப்பாடுதான். மொய் போல, அவர்கள் வீட்டு வேலைக்கு இவர் போய் நின்றே ஆகவேண்டும்.

நாங்கள் பண்ணைக்குப் போன அன்று காலைதான் பெரியவர் கன்றுகளைப் பிரித்து ஏலத்துக்கு ஏற்றியிருந்தார். இரவு முழுக்கத் தாய்மாடுகள் வேலியோரம் நின்று கத்தின. அடிவயிற்றிலிருந்து வரும் குரல். எனக்குத் தூக்கம் வரவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்து வந்தால், பெரியவரும் விளக்கைப் போடாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வருடமாகக் கேட்கிறாராம். இன்னும் பழகவில்லை என்றார்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் சத்தம் நின்றது. வேலியோரம் ஒரு மாடும் இல்லை. எல்லாம் மேட்டில் மேய்ந்துகொண்டிருந்தன.